சிங்கப்பூர் மாத்திரையும் டாக்டரின் கைபேசியும்

எங்கள் ஊர் உலு திராம் சந்தையில் நான் ஒருமுறை செத்தே போயிருக்கிறேன். அதற்கு முந்தின வாரம் கோயிலில் எனக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. முடிவெட்டும் கடையில் நெஞ்சைப் பிளந்து பெரிய ஆபரேஷனே முடித்துவிட்டார்கள். நான் மயங்கி விழுந்தது என்னவோ ஒரே ஒரு தடவைதான். கதை மட்டும் ஆளுக்கு ஆள் வளர்ந்துகொண்டே போகிறது. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் நின்று நின்று பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்தவர்கள் என்னைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போனால் போதும், நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம்.

என் பெயர் மணியம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். விடியும் முன்னே தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புக் குடியிருப்பாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவது, மதியம் திரும்ப வீட்டில் விடுவது, இதுதான் என் பிழைப்பு. எந்த வீட்டுப் பிள்ளை ஒரு காலில் மட்டும் சப்பாத்தும் கையில் ரொட்டியுமாக ஓடி வரும் என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டில் அம்மா முதலில் வந்து 'இதோ வந்துட்டான்' என்று பொய் சொல்வார் என்பதும் தெரியும். பஸ்ஸில் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம், ஓட்டுகிறவன் கைபேசியைத் தொடக்கூடாது. வேலை நேரத்தில் கைபேசியை நோண்டிக்கொண்டிருக்கும் யாரைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் குணம் அப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அன்று காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வழக்கமான கடையில் டீயும் ரொட்டி சானாயும் முடித்து, காசு கொடுக்க எழுந்தேன். எழுந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, கடைக்காரர் என் முகத்துக்கு மேலே குனிந்து நின்றதும், அவர் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியதும்தான். சட்டையெல்லாம் பக்கத்து மேசைக்காரரின் டீ. சில வாரங்களாகவே கொஞ்சம் சோர்வு இருந்தது. படியேறினால் தலை லேசாகச் சுற்றும். வயதாகிறது, வெயிலும் கொளுத்துகிறது என்று இரண்டின் மேலும் பழியைப் போட்டுவிட்டு இருந்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் மனதில் ஓடியது ஒன்றுதான். கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தால் பஸ் நிறையப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 

ஜோகூர் பாருவில் பெரிய அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சில், கையில், காலில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் துடிக்கும்போது உண்டாகும் சின்ன மின்சாரத்தைக் கோடு கோடாகக் காகிதத்தில் காட்டும் சோதனை அது. வலிக்காது, ஒட்டியதைப் பிய்க்கும்போது முடி பிடுங்குவதுதான் வலிக்கும். கோடுகளைப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். ஒருவர் இருவராவதும், இருவர் மூவராவதும் நோயாளிக்கு நல்ல சகுனம் இல்லை. சும்மா இருக்கும் மனிதனுக்கு நிமிடத்துக்கு அறுபது, எழுபது தடவை துடிக்க வேண்டிய இதயம் எனக்கு நாற்பதைக்கூடத் தொடாமல் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஊசி ஒன்று போட்டதும் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கிவிட்டது.

"என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று தாதி கேட்டார். அதற்குள் என் மனைவி சரசு அழுது வீங்கிய கண்ணோடு வந்து சேர்ந்திருந்தாள். ரத்தக்கொதிப்புக்காக அரசாங்க கிளினிக்கில் எனக்குக் கொடுக்கும் மருந்துப் பையை எடுத்து நீட்டினாள். தாதி எழுதிக்கொண்டு போனார். அதில் இருந்த ஒரு மாத்திரை இதயத்தின் வேகத்தையும் குறைக்கும் சாதி என்பதால் உடனே அதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் மருந்து உடம்பைவிட்டு இறங்கினால் துடிப்பு தானாக ஏறும், பார்ப்போம் என்றார்கள்.

சரசு எடுத்துக் காட்டாத இன்னொரு மாத்திரை அவள் கைப்பைக்குள் இருந்தது.

அதன் வரலாறு இதுதான். சரசுவின் தம்பி குணா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தினமும் ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் தாண்டிப் போய் வருகிறவன். சிங்கப்பூரில் தண்ணீர்கூடத் தனி ருசி என்று நம்புகிறவன். சில மாதங்களுக்கு முன் என்னை அங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். வாசலிலேயே எனக்குப் பாடம் நடத்தினான். "மச்சான், நம்ம கிளினிக் மருந்து சாப்பிடறேன்னு சொல்லாதீங்க. அதுலயே கன்டினியூ பண்ணுங்கன்னு அனுப்பிருவாரு. ஒண்ணும் சாப்பிடலன்னு சொன்னாதான் பிரெஷ்ஷா நல்ல மருந்து குடுப்பாரு." நான் மண்டையை ஆட்டினேன். உள்ளே போய் அப்படியே சொன்னேன். அந்த டாக்டரும் பாவம், நான் சொன்னதை நம்பி மருந்து கொடுத்தார். தீரத் தீரக் குணா வாங்கி வந்துகொண்டிருந்தான்.

வீட்டில் அப்போதே சரசுவுக்குக் குழப்பம் வந்தது. எதை நிறுத்துவது? அரசாங்க மாத்திரையை நிறுத்தினால் கிளினிக்கில் கோபித்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் மாத்திரையை நிறுத்தினால் தம்பி கோபித்துக்கொள்வான். யார் மனமும் நோகக்கூடாது என்று இரண்டையும் கொடுத்துவிட்டாள். காலையில் அரசாங்கம், மதியம் சிங்கப்பூர். ஜோகூரில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியாது. காலையில் அந்தப் பக்கம் போவோம், மாலையில் இந்தப் பக்கம் வருவோம், மாத்திரையும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஹலிம் என்ற பெரியவர். எல்லாரும் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம், பெரியவர்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவது. யோங் பெங்கில் டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் ஏதோ வேர்க் கஷாயம் குடித்ததைக் கண்டுபிடித்து, நான் வார்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே பெரிய டாக்டர் அவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சரசு என் காதோடு சொன்னாள்: "சிங்கப்பூர் மாத்திரைய பத்தி வாயத் தொறக்காதீங்க. புடுங்கிக்குவாங்க. இங்க உள்ள மருந்த நிறுத்திட்டாங்க, இதையும் நிறுத்திட்டா உங்களுக்கு என்னாங்க இருக்கு?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. மதியம் பார்வையாளர் நேரத்தில் ரசம் சாதம், அவித்த முட்டை, வாழைப்பழம். பழத்தோடு சேர்த்து, மாத்திரைப் பட்டையிலிருந்து கத்தரித்து எடுத்து வந்த ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். தாதி அந்தப் பக்கம் திரும்பும்போது நான் முழுங்குவேன். முழுங்கிய பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகவே இன்னும் இரண்டு முழுங்கலாம் போலிருக்கும்.

இனி டாக்டர் தர்ஷினிக்கு வருகிறேன். எங்கள் வார்டைக் கவனித்த இளம் டாக்டர் அவர். செகாமட் ஊர்ப் பெண். தலைமுடியைத் தூக்கி முடிந்த கொண்டை, பள்ளி மாணவி போல முதுகில் ஒரு பை, கையில் எப்போதும் கைபேசி. என்னை முதல்முதலாகப் பார்க்க வந்தபோது நான்கு கேள்வி கேட்டார், ஐந்தாவது கேள்விக்கு முன் கைபேசியைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் பாக்சிக்கிடம் நின்றுகொண்டு மறுபடி கைபேசியைத் தட்டினார். பாக்சிக் என் பக்கம் சாய்ந்து, அந்தப் பிள்ளை ஏதோ விளையாட்டில் நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது என்று மலாயில் சொன்னார். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். என் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் எண்கூடக் கொஞ்சம் ஏறியது.

மூன்றாம் தடவை என்னால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் பஸ் ஓட்டறவன். வண்டி ஓட்டும்போது போனை கையில எடுத்தா என் லைசென்ஸ் போயிரும். நீங்க என் இதயத்த கையில வெச்சிக்கிட்டு மெசேஜ் பாக்கறீங்களே."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தார். கட்டில் ஓரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"மெசேஜ் இல்ல அங்கிள். பாருங்க. இது மருந்துக்கான ஆப். எந்த மருந்து, எவ்வளவு, எதோட சேரக்கூடாது, எல்லாம் இதுல இருக்கு. நேத்து பாக்சிக்குக்கு ரத்தம் உறையாம இருக்கற மருந்து எழுதணும். அவர் கிட்னி கொஞ்சம் வீக். வயசு, எடை, ரத்த டெஸ்ட் ரிசல்ட் எல்லாத்தையும் போட்டா, கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணக்கு பண்ணித் தரும். அத வெச்சிதான் மருந்து அளவ குறைச்சேன்."

"இதெல்லாம் படிச்சிட்டுத்தான வந்தீங்க?"

"படிச்சேன். ஆனா ஆயிரம் மருந்தயும் மண்டையில வெச்சிருந்தா மண்டை வெடிச்சிரும் லா அங்கிள். ஞாபகம் இருக்குன்னு நெனச்சு தப்பா எழுதறதவிட, பாத்துட்டு எழுதறது மேல். பாத்ததயும் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவேன்."

"அப்ப எல்லா மருந்தும் இதுக்குத் தெரியுமா?"

"ஏறக்குறைய. ஆனா நான் என்ன டைப் பண்றனோ அதுக்குத்தான் பதில் சொல்லும். நோயாளி என்கிட்ட சொல்லாதது போனுக்கும் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டு, வேறு ஏதும் மருந்து சாப்பிடுகிறீர்களா அங்கிள், என்று சாதாரணமாகக் கேட்டார். நான் சரசுவைப் பார்த்தேன். சரசு கூரையைப் பார்த்தாள். "இல்ல டாக்டர்," என்றேன்.

நாட்கள் இப்படிப் போயின. காலையில் ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு சரியாக இருந்தது, உப்புச் சத்துகள் சரியாக இருந்தன. ஸ்கேன் செய்யும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், நெஞ்சில் குளுகுளுவென்று ஜெல் தடவி, இதயத்தைத் திரையில் காட்டினார்கள். வால்வு திறந்து திறந்து மூடியது. என் இதயம் வேலை செய்வதை நானே பார்த்தபோது, இத்தனை வருஷமாக இதற்கு ஒரு நாள்கூட லீவு கொடுக்கவில்லையே என்று பாவமாக இருந்தது. இதயம் நன்றாகவே இருக்கிறது, வேகம் மட்டும்தான் போதவில்லை என்றார் ஸ்கேன் எடுத்தவர். மருந்தை நிறுத்தியும் ஏறவில்லை. இரவில் தூங்கினால் இன்னும் இறங்கும், மானிட்டர் கத்தும், தாதி வந்து என் தோளைத் தட்டி உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பீட்ரூட் சாறு என்றார், இன்னொருவர் பீட்ரூட் கூடவே கூடாது என்றார். காது மடலை அமுக்கினால் இதயம் வேகமாகத் துடிக்கும் என்று ஒரு காணொளி வந்தது. நான் அமுக்கினேன். பாக்சிக்கும் அமுக்கினார். இரண்டு பேருக்கும் காது சிவந்ததுதான் மிச்சம்.

பிறகு இதய நிபுணர் வந்தார். பொறுமையான மனிதர். மருந்தின் வேகம் குறைந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்றார். ஆகவே இது மருந்தினால் வந்ததில்லை. இதயத்தில் துடிப்பைக் கிளப்பிவிடும் இயற்கையான சுவிட்ச் ஒன்று உண்டு, எனக்கு அது களைத்துவிட்டிருக்கலாம். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில் சின்னதாக பேஸ்மேக்கர் வைத்து, அதிலிருந்து மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விட்டால், துடிப்பு குறையும்போதெல்லாம் அது தட்டிக்கொடுக்கும். பயப்படக்கூடிய ஆபரேஷன் இல்லை என்றார்.

எனக்கு ஆபரேஷன் பயம் இல்லை. "பஸ் ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

 அவர், சொந்தக் கார் ஓட்டுவது வேறு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது வேறு என்றார். மயங்கி விழுந்து பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அந்த லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம், நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? வீட்டில் உட்கார்ந்தால் சரசுவுக்குத்தான் ரத்தக்கொதிப்பு வரும். பஸ்ஸின் படியில் ஏறும்போதே 'குட்மார்னிங் அங்கிள்' என்று தூக்கக் கலக்கத்தில் சொல்லும் அந்தக் குரல்கள் இனி வேறொருவருக்கா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பாக்சிக் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, பார்க்காத மாதிரி இருந்தார். அதுவும் ஒரு உதவிதான்.

மறுநாள் மதியம் சரசுவும் குணாவும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து, வாழைப்பழம் கைக்கு வந்திருந்த நேரம். டாக்டர் தர்ஷினி ஆபரேஷனுக்கு என் சம்மதக் கையெழுத்து வாங்க வந்தார். பேனாவை என் கையில் கொடுத்தார். எனக்குக் கையெழுத்துப் போட மனமில்லை. போட்டால் பஸ் போய்விடும். எதையாவது பேசிக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடலாம் என்று தோன்றியது. கூடவே என் பழைய குறும்பும் தலை தூக்கியது.

"கையெழுத்து போடறேன் டாக்டர். அதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை. உங்க போனுக்கு எல்லா மருந்தும் தெரியும்னீங்களே, இது தெரியுதா பாப்போம்." சரசுவின் உள்ளங்கையிலிருந்த மாத்திரையைப் பட்டைத் துண்டோடு எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"என்னங்க," என்றாள் சரசு பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு சரசு. இது சிங்கப்பூர் சரக்கு. செகாமட் போனுக்கு எங்க தெரியப் போகுது."

டாக்டர் பட்டைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரசு ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்ததில் எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. இருந்ததைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. நான் பாக்சிக்கைப் பார்த்துக் கண்ணடித்தேன். போன் தோற்றுவிட்டது என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

"முழுப் பேர் தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர். அவருக்கும் பந்தயத்தில் சூடு பிடித்துவிட்டது.

"பெட்டிய போட்டோ எடுத்து வெச்சிருக்கேன் டாக்டர், தீந்தா வாங்கறதுக்கு," என்று குணா பெருமையோடு தன் கைபேசியை நீட்டினான். டாக்டர் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டினார். தட்டிவிட்டுப் படித்தார். படிக்கும்போதே அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அங்கிள், இத எப்ப இருந்து சாப்பிடறீங்க?"

"சில மாசமா."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

"இங்கயா? வார்டுலயா?"

நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். சரசுதான் பதில் சொன்னாள். "தினமும் நான்தான் குடுத்தேன் டாக்டர். இப்பவும் குடுக்கத்தான் வந்தேன்."

டாக்டர் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். கைபேசியை எங்கள் மூவருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார். மேலே சிங்கப்பூர்ப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர். பிறகு எங்கள் கிளினிக் மாத்திரையின் பெயரைத் தட்டினார். அதன் கீழேயும் அதே எழுத்துகள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ரெண்டும் ஒரே மருந்து அங்கிள். கம்பெனி வேற, பெட்டி வேற. இதயத்த மெதுவாக்கற மருந்து. வீட்ல இருக்கும்போது டபுள் டோஸ் போயிருக்கு. இங்க நாங்க ஒண்ண நிறுத்திட்டோம். ஆண்ட்டி இன்னொண்ண நிறுத்தல. அதான் ஏறவே இல்ல."

"ஒரே மருந்துக்கு ரெண்டு பேர் வெச்சா யாருக்கு டாக்டர் தெரியும்?" என்றான் குணா. 

"ஏன் தெரியாது? வீட்ல உன்ன 'பாப்பா'ன்னு கூப்பிடறோம், அடையாள அட்டையில குணசேகரன்னு இருக்கு. ரெண்டு ஆளுக்கா சோறு போடறோம்?" என்றேன் நான். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டே, கையெழுத்துத் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிபுணரைத் தேடி ஓடினார். ஓடும்போதும் கைபேசி காதில்தான். எனக்கு இந்த முறை கோபம் வரவில்லை.

நிபுணர் வந்தார். என்னைத் திட்டினார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். மருந்து இறங்கிய பிறகும் துடிப்பு ஏறாவிட்டால் பேஸ்மேக்கர்தான், இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு காத்திருந்தோம். சரசு மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த விதம், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல இருந்தது.  ரசம் கொண்டு வந்தாள், பழம் கொண்டு வந்தாள், ஆனால் எதையும் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தாள். நான் கிண்டல் செய்து பார்த்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, நீ அமிர்தத்தைத்தானே கொடுத்தாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நானே உங்கள கொன்னுருப்பேங்க," என்றாள்.  அவளை அப்படி ஒரு நினைப்போடு விட்டுவிட்டேனே என்று மாத்திரையைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

துடிப்பு மெதுவாக ஏறியது. நாற்பதைத் தாண்டியது, ஐம்பதில் கொஞ்சம் தயங்கியது. ஒரு காலை நான் கண் விழித்தபோது பாக்சிக் என் கட்டில் பக்கத்தில் நின்று மானிட்டரைக் கை காட்டிக்கொண்டிருந்தார். அறுபத்து நான்கு. அவர் எனக்காகக் கைதட்டினார். தாதி வந்து இரண்டு பேரையும் அதட்டிப் படுக்க வைத்தார்.

பேஸ்மேக்கர் வேண்டாம் என்று நிபுணர் சொன்ன பிறகு, டாக்டர் தர்ஷினியிடம் அதே பழைய கேள்வியைக் கேட்டேன். "பஸ்?"

அவர் கைபேசியை எடுத்தார். வண்டி ஓட்டுவதற்கான மருத்துவ விதிகளைத் தேடிப் படித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கைபேசியை வேகமாகப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"மயக்கத்துக்கு காரணம் மருந்துதான்னு தெரிஞ்சு, அத நிறுத்தியாச்சு. கொஞ்ச நாள் ஓட்டாம இருக்கணும். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்ப பதிவு பண்ற மெஷின மாட்டிக்கிட்டுப் போகணும். எல்லாம் சரியா இருந்து ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் குடுத்தா, ஓட்டலாம் அங்கிள். நான் சொல்றது முடிவு இல்ல, அவர் சொல்றதுதான். ஆனா ஓட்டலாம்."

வீட்டுக்கு வந்தேன். குணா கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டு, பிறகு ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "இங்கதான் மச்சான், உலு திராம் பாசார்ல," என்றான். பதிவு மெஷினை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தேன், தூங்கினேன், சரசுவோடு சண்டைகூடப் போட்டுப் பார்த்தேன். இதயம் எதற்கும் அசரவில்லை. சில வாரங்கள் கழித்து நிபுணர் கடிதம் கொடுத்தார்.

மறுபடி பஸ் எடுத்த முதல் நாள் காலையில், புது மாத்திரையைச் சரசு மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வேறு வகை மாத்திரை, இதயத்தின் வேகத்தைத் தொடாதது. "நீயே குடு," என்றேன். அவள் தயங்கினாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கைபேசியை எடுத்து, பெட்டியைப் பார்த்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். வந்ததை உதடசைய இரண்டு தடவை படித்தாள். பிறகு, "இது வேறதாங்க," என்று சொல்லி என் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் சாவியை எடுத்தபோது அவளும் செருப்பை மாட்டினாள். "இன்னிக்கு மட்டும் நானும் வரேன்," என்றாள்.

என் பின்னால், முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒவ்வொரு தாமானிலும் ஏறினார்கள், குட்மார்னிங் சொன்னார்கள், சரசுவுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் சாலையைப் பார்க்கவில்லை, என் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.  பள்ளி வாசலில் கடைசிப் பிள்ளையும் இறங்கிக் கதவு மூடிய பிறகுதான் அவள் அழுதாள்.

நான் இன்ஜினை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.